ஆறு தள்ளிக்கொண்டே போன துறைமுகம்: கொற்கை முதல் புன்னைக்காயல் வரை

நாள் 1: ஏரல், கொற்கை

ஏரலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலை ஏழரை. பாத்திரக்கடைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஆட்டோக்காரத் தம்பியிடம் கொற்கை என்றதும், "அங்க என்னக்கா பாக்கப் போறிய? வாழையும் வயலுந்தான் கிடக்கு" என்றார். வாழையும் வயலும் எப்படி வந்தன என்று பார்க்கத்தான் போகிறேன் என்று சொன்னேன்.

என் அம்மாவைப் பெற்ற ஆச்சி உமரிக்காட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் கொற்கைத் துறைமுகம் பற்றிப் படித்துவிட்டு, கடல் எங்கே ஆச்சி என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். "கடலு கோவிச்சிக்கிட்டுப் போயிட்டுல்லா" என்றாள். அந்தப் பதில் எனக்கு வெகு நாள் போதுமானதாக இருந்தது. முப்பது வருடம் கழித்து, கடல் போன வழியிலேயே நான்கு நாள் நடந்து பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறேன். கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம், புன்னைக்காயல் நான்கும் ஒரே ஆற்றின் கடைவாயில் இருக்கும் ஊர்கள். ஒரே துறைமுகம்தான் காலந்தோறும் இடம் மாறி நான்கு பெயர் எடுத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கொற்கைக்குள் நுழைந்ததும் தம்பி சொன்னது சரியென்று பட்டது. இன்றைக்குக் கடல் இங்கிருந்து கிழக்கே ஆறேழு கிலோமீட்டர். காற்றில் உப்பு வாசனைகூட இல்லை, சேற்று வாசனைதான். ஆனால் அகநானூற்றுப் பாடல் ஒன்றில் இதே ஊரின் முன்துறை வருகிறது. அலை கொண்டுவந்து போட்ட முத்துகள் பாண்டியனுடைய தேர்க்குதிரைகளின் காலில் உறுத்தி அவற்றை நடக்கவிடாமல் செய்கின்றனவாம். மிகைதான். என்றாலும், ஈர மணலில் குதிரைக் குளம்பும் முத்தும் சேர்ந்து கிடந்ததைக் கண்ணால் கண்டவனுக்கோ, கண்டவன் சொல்லக் கேட்டவனுக்கோதான் அந்த மிகை தோன்றியிருக்கும். குதிரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் வரும்.

கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில் இந்த ஊர் கொல்கி. அங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும், ஊர் பாண்டிய அரசனுக்கு உரியது என்றும் எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் தாலமி இதைக் கொல்கோய் என்று குறித்து, இப்போது நாம் மன்னார் வளைகுடா என்கிற கடலுக்கே கொல்கிக் வளைகுடா என்று பெயரிட்டார். ஒரு கடலுக்குத் தன் பெயரைக் கொடுத்த ஊர், இப்போது பஸ் நிறுத்தத்தில் பெயர்ப்பலகை மங்கி நிற்கிறது. எனக்கு மனசு கனத்தது.

குளக்கரையில் வெற்றிவேல் அம்மன் கோயில். கண்ணகியே இங்கே அம்மனாக இருக்கிறாள் என்பது ஊரார் நம்பிக்கை. மதுரையில் நெடுஞ்செழியன் உயிர்விட்ட பிறகு கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பலியிட்டு விழா எடுத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இளவரசன் கொற்கையில் இருந்தான் என்பதைத்தான் நான் அதில் முக்கியமாகப் பார்க்கிறேன். மதுரை தலைநகரம் என்றால், வரவு வந்தது இந்தத் துறையிலிருந்து. வரவு வரும் இடத்தில் வீட்டு ஆள் ஒருவன் இருந்தாக வேண்டும்.

கோயிலை விட்டுத் தள்ளி, வயலுக்குள் அக்கசாலை என்ற பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அக்கசாலை என்றால் பொன்வேலை செய்யும் கூடம், காசு அடிக்கிற இடம். இங்கே ஒரு சிறிய கற்கோயிலின் சாமிக்கே அந்தப் பெயர்தான். பெரிய மாளிகையும் கோட்டையும் தேடி வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். எனக்கோ அந்த ஒரு சொல் போதும் என்று இருந்தது. கட்டடம் போய், காசு போய், கப்பல் போய், வேலையின் பெயர் மட்டும் வயல்வரப்பில் நிற்கிறது.

1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே குழி போட்டது. கிடைத்த கரித்துண்டைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 785ஐ ஒட்டிய காலம் வந்தது. முன்பின்னாக 95 ஆண்டு தள்ளலாம். தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள், கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள், செங்கல் கட்டுமானம், சங்கு, சிப்பி எல்லாம் அங்கே வந்தன. 2021இல் மறுபடி தோண்டியபோது ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய ஒன்பது அடுக்குச் சுடுமண் குழாய் கிடைத்தது. இப்போது குழிகள் மூடப்பட்டு, மேலே பயிர்.

வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "உழும்போது சிப்பி வருமா தாத்தா?" "வராமலா? சின்னப் பிள்ளையில நாங்க அத வச்சித்தான் வெளாடுவோம்" என்றார். அவர் அதை வரலாறாக நினைக்கவே இல்லை. மண்ணில் கல் வருவது போல, இங்கே சிப்பி வரும், அவ்வளவுதான்.

நாள் 2: முக்காணி, பழையகாயல்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் ஆற்றுக்கு வடகரையில் முக்காணி. சேரன், சோழன், பாண்டியன் மூவரும் கொற்கையில் பிறந்த அண்ணன் தம்பிகள், மூவருக்கும் காணி இருந்த இடம் முக்காணி என்று இந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மூன்று அரச மரபும் இங்கிருந்துதான் கிளைத்தன என்று ஊர் சொல்லிக்கொண்டது என்றால், அந்த ஊருக்குத் தன்னைப் பற்றி என்ன நினைப்பு இருந்தது என்று தெரிகிறது.

பழையகாயலுக்கு வரும்போது வெயில் உச்சி. உடைமரம், உப்பளம், களர் நிலம். காயல் என்றாலே கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கிய கழி. ஆறு மேட்டு மண்ணை அரித்துக் கொண்டுவந்து கடைசியில் இறக்கிவைக்கிறது. பொதிகையில் புறப்பட்டு 128 கிலோமீட்டர் ஓடிவரும் தாமிரவருணி வருடா வருடம் இறக்கிய வண்டல்தான் கொற்கைக்கும் கடலுக்கும் நடுவே நிலமாக எழுந்தது. கொற்கையைக் கடல் கொண்டுபோனதாக நம்மில் பலர் நினைக்கிறோம். தமிழில் கடல்கோள் என்ற சொல்லுக்கு இருக்கிற கவர்ச்சி அப்படி. இங்கே நடந்தது நேர் எதிர். ஆறு கடலைத் தள்ளிவிட்டது. கப்பல் கொற்கைக்கு வர முடியாமல் போனதும், கப்பலை நம்பிப் பிழைத்தவர்கள் தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துக் கிழக்கே குடிபெயர்ந்தார்கள். அப்படி எழுந்த ஊர் காயல்.

ராபர்ட் கால்டுவெல் 1870களில் கொற்கையையும் பழையகாயலையும் நடந்து பார்த்து, தோண்டிப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பழையகாயலைச் சுற்றி மைல் கணக்கில் உடைந்த ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகளும் இறைந்து கிடந்ததைக் கண்டு, மார்கோ போலோ சொல்லும் காயில் நகரம் இதுவே என்று முடிவு செய்தார். இன்றைக்கு நான் நடந்த பகுதியில் பீங்கான் எதுவும் கண்ணில் படவில்லை. உப்பளத்துப் பாத்தியில் ஒரு பெண் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தாள். "தண்ணி வேணுமாக்கா?" என்று அவளாகவே கேட்டுப் பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள்.

1292ஐ ஒட்டி மார்கோ போலோ பார்த்த காயல் பெரிய, சிறந்த நகரம். ஐந்து சகோதரர்களில் மூத்தவன் ஆளுகை. அரசனுடைய பெயரை அசார் என்று எழுதுகிறார், அது மாறவர்மன் குலசேகரனாக இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் பலருடைய கருத்து. ஹோர்முஸ், கிஷ், ஏடன் என்று மேற்கே இருந்து வருகிற கப்பல் எல்லாம் இங்கேதான் தொட்டன. என்ன ஏற்றிக்கொண்டு வந்தன? குதிரை.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு தலைசுற்ற வைக்கிறது. கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் தன் சொந்தக் குதிரைகளில் வருடத்துக்கு 1,400 அனுப்ப ஒப்பந்தம். மற்றத் துறைகளிலிருந்து வருவதையும் சேர்த்துப் பத்தாயிரம். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் விலை கொடுக்க வேண்டும்! இந்த ஒரு நிபந்தனையைப் படித்தபோது, விலை பேசிய மேசையில் யாருடைய கை ஓங்கியிருந்தது என்று புரிந்தது. வந்து இறங்கிய குதிரைகளுக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போட்டார்கள், வளர்க்கத் தெரியாமல் சாகவிட்டார்கள், லாடம் அடிக்கிறவனும் கிடையாது என்று போலோ எழுதுகிறார். செத்தால்தானே அடுத்த வருடம் மறுபடி வாங்குவார்கள், அதனால் வணிகர்கள் லாடக்காரர்களை வரவிடுவதில்லை என்பதும் அவர் சொல்வதே.

கொற்கை மணலில் முத்து உறுத்திய குதிரைக்கும் காயலில் இறங்கிய குதிரைக்கும் நடுவே ஆயிரம் வருடம். கரை மாறியிருக்கிறது. கொடுக்கல் வாங்கல் மாறவில்லை. முத்து வெளியே போனது, குதிரை உள்ளே வந்தது.

நாள் 3: காயல்பட்டினம்

காயல் எது என்பதில் பழையகாயலுக்கும் காயல்பட்டினத்துக்கும் வழக்கு உண்டு. கால்டுவெல் பழையகாயல் பக்கம். காயல்பட்டினத்தார் தங்கள் ஊரே என்பார்கள். நேற்று அங்கும் இன்று இங்கும் நடந்துவிட்டு எனக்குத் தோன்றுவது இது: சரக்கு இறங்குகிற துறையும் வணிகர் குடியிருக்கிற தெருவும் ஒரே இடமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. கழி தூர்ந்து துறை நகர நகர, பெயரும் கூடவே நகர்ந்திருக்கிறது. பழைய என்ற அடைமொழி சும்மா ஒட்டிக்கொள்ளாது. புதியது ஒன்று வேறு இடத்தில் எழுந்த பிறகுதான் அது ஒட்டும்.

தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். வாசல் பக்கமாகப் போகப் பார்த்தேன், ஒரு சிறுமி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "லாத்தா, இந்தப் பக்கம்." லாத்தா என்றால் இங்கே அக்கா. வீடுகளின் பின்னால் ஆள் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய முடுக்கு. பெண்களுக்கென்றே விட்ட வழி. தெருவில் கால் வைக்காமல் ஊரின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை போய்விடலாம். இங்கே பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருகிறார். கப்பலேறிப் போகிற ஆண், திரும்பி வர எத்தனை மாதம் ஆகுமோ தெரியாத காலம். பெண் தன் உம்மாவுடனும் லாத்தாமாருடனும் இருப்பதுதான் பத்திரம். கடல் வணிகம் இந்த ஊருடைய கல்யாண முறையிலும் வீட்டு அமைப்பிலும் புகுந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. துறைமுகத்தின் தடயத்தை நாம் நங்கூரத்தில் தேடுகிறோம். இந்த முடுக்கிலும் தேட வேண்டும்.

வட்டிலப்பம் தந்தார்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் சேர்ந்து, விரலால் தொட்டால் நடுங்குகிற பதம். வீட்டுப் பெரியம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். அவர்களுடைய வாப்பாவுக்குக் கொழும்பில் கடை, அதற்கு முந்திய தலைமுறையும் அங்கேதான். "எங்க ஆளுங்க கெய்ரோவுல இருந்து வந்தவங்கம்மா. காஹிர்பட்டினம்னுதான் அந்தக் காலத்துப் பேரு" என்றார்கள். கி.பி. 842இல் எகிப்திலிருந்து ஒரு கூட்டம் வந்து குடியேறியது என்பது ஊர் மரபு. கெய்ரோ நகரமே 969இல்தான் எழுந்தது என்பதால், ஆண்டையும் பெயரையும் சேர்த்து எடுத்தால் பொருந்தவில்லை. காயல் என்ற தமிழ்ச் சொல்லே ஊர்ப்பெயருக்குப் போதும். என்றாலும் அந்த மரபைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அரபுக் கடலோடிகள் குடும்பத்தோடு தங்கி, தமிழையே தாய்மொழியாக எடுத்துக்கொண்டதன் ஞாபகம் அதில் இருக்கிறது. ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டியனிடம் அமைச்சராக இருந்தார் என்றும் காயல் துறை அவர் பொறுப்பில் இருந்தது என்றும் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறாரே. குதிரை விற்றவர் வீட்டு ஆளே வாங்கியவருடைய அமைச்சர். விலை ஏன் அப்படிப் படிந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பெரிய பள்ளிவாசலை வெளியில் நின்று பார்த்தேன். கருங்கல் தூண்கள், போதிகைகள் எல்லாம் நம் கோயில் மண்டபங்களில் பார்க்கிற அதே தச்சு முறை. உருவம் மட்டும் இல்லை, பூவும் கொடியும்தான். ஒரே கல்தச்சன் குடும்பம் இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கல்லறைகளின் மீசான் கற்களில் அரபு எழுத்து, பக்கத்துத் தெருவில் அரபு எழுத்திலேயே தமிழை எழுதிப் படித்த வீடுகள். முருகன் மேல் அருணகிரிநாதர் பாடிய சந்தத்தில் நபிகள் நாயகத்தின் மேல் திருப்புகழ் பாடிய காசிம் புலவர் இந்த ஊர்க்காரர். திருச்செந்தூர் இங்கிருந்து எட்டு கிலோமீட்டர். அந்தச் சந்தம் காற்றில் வந்து சேரக்கூடிய தூரம்.

சாயங்காலம் கடற்கரை. குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கப்பல் ஒன்றும் இல்லை.

நாள் 4: ஆத்தூர், புன்னைக்காயல்

ஆத்தூரில் காலையில் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். காயல் மக்கள் எந்நேரமும் ஓர் இலையைக் கற்பூரமும் சுண்ணாம்பும் சேர்த்து மென்றுகொண்டே இருப்பதாக மார்கோ போலோ எழுதியிருக்கிறார். எதிராளியை அவமானப்படுத்த வேண்டுமானால் மென்றதை முகத்தில் துப்புவார்களாம். துறைமுகம் போய்விட்டது, கொடிக்கால் இருக்கிறது. ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஒரு கவுளி வாங்கிக்கொண்டேன்.

ஆத்தூரிலிருந்து கிழக்கே போகிற சாலை புன்னைக்காயலோடு முடிகிறது. அதற்கப்புறம் ஆற்றுமுகம், கடல். பரதவர் ஊர். 1530களில் முத்துச்சிப்பி விளையும் கடல் பாறைத்திட்டான முத்துப்பார் உரிமைக்காகக் கரையில் பெரும் சண்டை நடந்தது. அப்போது பரதவருக்குப் போர்ச்சுகீசியரின் துணையைத் தேடச் சொன்னவர் ஜுவாங் த குருஸ் என்பவர். அவருக்கு என்ன தொழில்? குதிரை வியாபாரம். அந்த வழியாகத்தான் 1536-37இல் பரதவர் கிறித்தவம் தழுவினார்கள், முத்துக்கரை போர்ச்சுகீசியர் கைக்கு மாறியது.

இந்த ஊரைப் பற்றி நான் எழுத விரும்புவது அந்த அரசியலைவிட ஒரு மனிதரைப் பற்றி. 1546இல் இந்தியா வந்த அண்டிறிக்கிப் பாதிரியார். ஐம்பது வருடத்துக்கு மேல் இந்தக் கரையிலேயே கிடந்தார். பரதவரிடம் பேசிப் பேசியே தமிழ் கற்று, போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1553இல் இங்கே இருந்த போர்ச்சுகீசியரின் சின்னக் கோட்டையைத் தாக்கியவர்கள் அவரையும் சிறைபிடித்தார்கள். மீண்டு வந்து திரும்பவும் இங்கேயே இருந்தார். 1578இல் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் என்ற கிறித்தவ மறைநூல் அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான நூல்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். 1586இல் அடியார் வரலாறு, இந்தப் புன்னைக்காயலில் அச்சேறியதாகச் சொல்லப்படுகிற பெரிய புத்தகம். அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அச்சு எழுத்து கடல் வழியாக வந்தது, பேச்சு மொழியைக் கொடுத்தது முத்துக்குளிக்கிறவர்கள். இரண்டும் சேர்ந்த இடம் ஒரு துறைமுகமாக இருந்ததில் எனக்கு வியப்பில்லை, ஆனால் பெருமை இருக்கிறது. 1600இல் அவர் இறந்தார்.

அதற்குள் பெரிய கப்பல்கள் வடக்கே தூத்துக்குடிக்குப் போகத் தொடங்கிவிட்டன. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இன்றைய பெரிய துறைமுகமும் அங்கேதான். ஆற்றுமுகத்திலிருந்து எட்டிப் போனதால்தான் தூத்துக்குடி நிலைத்தது என்று நினைக்கிறேன். முத்துக்குளிப்பும் 1961க்குப் பிறகு நடக்கவில்லை.

ஆற்றுமுகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போன அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய அப்பா முத்துக்குளித்தவர், பிறகு சங்கு. குளியாளியின் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் நிற்கிறவன் கையில்தான் உயிரே இருக்கும், அதனால் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் நிறுத்துவார்கள் என்றார். "அக்காவ விதவையாக்க எவனுக்கும் மனசு வராதுல்லா" என்று அதற்குக் காரணமும் சொன்னார்.

ஆறும் கடலும் சேர்கிற இடத்தில் பழுப்புத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் கலக்காமல் கொஞ்ச தூரம் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. நடுவில் மணல்திட்டு. நான்கைந்து கொக்குகள். போன மழைக்கு முன்னால் திட்டு அந்தப் பக்கம் இருந்தது, இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டது, வருடா வருடம் மணல் ஏறிக்கொண்டே போகிறது, படகு வெளியே போக ஏற்றம் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று அண்ணாச்சி கையை நீட்டி நீட்டிக் காட்டினார். கொற்கையில் கப்பல்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் பேசியிருப்பார்கள்.

அவருடைய வள்ளம் திட்டில் தட்டி நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"இங்கன போன வருசம் ஆள் முங்குற ஆழம் கிடந்துச்சி தாயி."

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வள்ளத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தார்.